திராட்சைக் கொடித் தாளை உரித்த வாரம்

1

"இந்தத் தாளையெல்லாம் உரிச்சு, செவத்தக் காட்டுங்க. அப்புறந்தான் அட்வான்ஸ்" என்று ஒருவர் என் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு என்னிடமே சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். போன மாசி மாதம் நடந்தது இது. வருடம் திரும்பிவிட்டது, கோபம் இன்னும் ஆறவில்லை. யார்மேல் கோபம் என்பதுதான் நடுவில் மாறிப்போய்விட்டது. அதைத்தான், நான் சொல்லச் சொல்ல என் கடைக் கணக்குப்பிள்ளை எழுத, இந்தப் பத்திரிகைக்கு அனுப்ப உட்கார்ந்திருக்கிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் ஈப்போ கருப்பையா. திருக்கோகர்ணத்தில் பிறந்தவன். இரண்டாம் வகுப்போடு சிலேட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, பதினாறு வயதில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். மலாய் நாட்டில் மூட்டை தூக்கி, கடை கூட்டி, கடைசியில் கடையே என்னுடையதானது. இன்று ஈப்போவில் இரண்டு மளிகைக்கடை, ஒரு லாரி, சொந்த வீடு. என் பெயரைச் சொன்னால் பசாரில் சீனர் கடைகளில்கூட நாற்காலி இழுத்துப் போடுவார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

திருக்கோகர்ணத்து வீடும் நான் கட்டியதுதான். முப்பத்தேழில் செங்கல் செங்கலாகப் பணம் அனுப்பிக் கட்டினேன். தெருவில் முதல் மாடி அதுதான். அந்த ஹாலில் நாற்பத்தெட்டில் நான் வால்பேப்பர் ஒட்டினேன். புதுக்கோட்டைச் சீமையிலேயே அரண்மனைக்கு அடுத்து என் வீட்டில்தான் சுவருக்குத் தாள். ஊதாத் திராட்சைக் குலைகளும் நடுநடுவே நீள வால் பறவைகளும். சித்தன்னவாசல் பார்க்க வந்த துரைமார் இரண்டு பேர் என் வீட்டுக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பாவிட்டால் போங்கள்.

இப்படிப்பட்ட வீட்டை வாங்க வந்தவர் நெல் மண்டி மாணிக்கம். சம்சாரத்தையும் கூட்டிவந்திருந்தார். வந்ததும் விரலை மடக்கிச் சுவரைத் தட்டினார்.

"என்னண்ணே, செவரு பூரா பேப்பரா இருக்கு?"

"சீமைத் தாளு. இங்கிட்டு எவன் வீட்டுலயும் கெடையாது."

"அது சரி. பின்னாடி என்ன இருக்கு?"

"செவருதான் இருக்கு."

"செவரு இருக்குறது தெரியுது. செவத்துல வெடிப்பு கிடிப்பு இருக்கான்னுதான் கேட்டேன்."

அவருடைய சம்சாரம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதுக்குள்ள எம்புட்டுப் பாச்சை குடியிருக்கோ, முருகா" என்றது.

எனக்குக் காது சூடாகிவிட்டது. என் சுவரில் வெடிப்பா? கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு பூசிய சுவர் அது! வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் என் மனைவி அடைக்கம்மை முந்திக்கொண்டாள்.

"உரிக்க வேணாம்ங்க. மேலயே ரெண்டு கை சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்துர்றோம்."

பொதுவாக இந்த மாதிரிப் பேச்சுகளில் அவள் வாயே திறக்கமாட்டாள். என் தாளுக்காகப் பரிந்து பேசுகிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையிலேயே மாணிக்கத்திடம் சொன்னேன்: "நாளைக்கே ஆள் விட்டு உரிச்சுக் காட்டுறேன். ஒரு வெடிப்பு இருந்தா வீட்டச் சும்மா எடுத்துக்க." அடைக்கம்மை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

2

அந்தத் தாள் என் கைக்கு வந்த கதையைச் சொல்லவேண்டும். சண்டை முடிந்து ஒரு தோட்டத்துத் துரை மூட்டை கட்டியபோது அவர் பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். எல்லோரும் கட்டிலுக்கும் கடிகாரத்துக்கும் அடித்துக்கொண்டார்கள். நான் பிரிக்காமல் கிடந்த பதினோரு சுருள் தாளை எடுத்தேன். தகரப் பெட்டியில் வைத்து, நாற்பத்தெட்டில், சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருடம், கப்பலில் கொண்டுவந்தேன்.

நாகப்பட்டினம் சுங்கத்தில் ஒரு குமாஸ்தா சுருளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "பட்டா?" என்றார். தாள் என்றேன். "எழுதுற தாளா?" சுவருக்கு ஒட்டுவது என்றேன். "செவத்துக்கு எதுக்குய்யா துணி?" என்று தலையில் அடித்துக்கொண்டு, அவருடைய பட்டியலில் அப்படி ஒரு சாமானே இல்லாததால் ஒரு பகல் முழுக்க என்னை உட்கார வைத்துவிட்டார். சாயங்காலம் 'பூப்போட்ட காகிதம், உபயோகம் தெரியவில்லை' என்று எழுதி விட்டார்.

நான் ஊர் திரும்புவது எட்டு வருடம் கழித்து. நாற்பதில் போனவன், ஜப்பான்காரன் வந்து நடுவில் எல்லாமே நின்றுபோனது. அதனால் வரவேற்பு பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் வந்தேன். எதிர்பார்த்ததற்கு மேலேயே இருந்தது. என் அண்ணன் வெள்ளைச்சாமி திருச்சி ஜங்ஷனுக்கே வண்டி வைத்துக்கொண்டு வந்துவிட்டார். நேரே ஊருக்குப் போகவிடவில்லை. விராலிமலைக்குக் கூட்டிப்போனார். அங்கே அடைக்கம்மை, என் மகன் முருகேசு, சொந்தக்காரர்கள் இருபது பேர். என்னைத் தலைமுழுக வைத்து, புது வேட்டி கொடுத்து, மாலை போட்டு, முருகன் சன்னதியில் என் பெண்டாட்டிக்கே மறுபடி தாலி கட்டச் சொன்னார்கள்.

"என்னண்ணே இது?" என்றேன்.

"வேண்டுதல்டா. நீ நல்லபடியா வந்தா ஒங்களுக்குத் திரும்பக் கல்யாணம் பண்ணி வைக்கிறதா வேண்டிக்கிட்டோம்."

மேளம்கூட வைத்திருந்தார்கள். ஈப்போவில் இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? ஒரே பெண்டாட்டியை இரண்டு முறை கட்டியவன் நான், எனக்கு ஊரில் அவ்வளவு மரியாதை என்று. வீட்டுக்கு வந்தபோது வாசல் வழியாக விடவில்லை. "அங்கிட்டுச் சூலம் இருக்கு, கொல்லப் பக்கமா வா" என்றார் அண்ணன். நல்லது கெட்டது பார்க்கிறார்களே என்று அதையும் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

தாள் ஒட்டும் வேலை மறுநாள் தொடங்கியது. அரிசிக் கஞ்சியில் மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சி, நானே ஏணியில் ஏறி மூன்று சுவர் ஒட்டினேன். கிழக்குச் சுவரை ஒட்டி ஒரு பெரிய பத்தாயம் கிடந்தது. நெல் கொட்டுகிற மரப்பெட்டியை யாராவது ஹாலில் வைப்பார்களா? நகர்த்துங்கள் என்றேன். அண்ணன் பதறிப்போய் வந்தார்.

"நீ கப்பல்ல வந்த அலுப்புல இருக்க. அந்தச் செவத்த நான் ஒட்டுறேன், நீ போயிக் குளி."

"அந்தப் பக்கம் அப்பா பேரு எழுதியிருக்குமேண்ணே?"

"அதெல்லாம் நான் நோட்டுல ஏத்திக்கிட்டேன். நீ போடா."

எங்கள் பக்கத்து வீடுகளில் இது வழக்கம். செத்தவர் பெயரையும், செத்த வருடம் மாதம் திதியையும் சாமி மாடத்தை ஒட்டிய சுவரில் எழுதிவைத்துவிடுவார்கள். திவசம் வரும்போது பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். என் அப்பா செத்தபோது நான்தான் பெயிண்டர் வைத்துக் கறுப்புப் பெயிண்டில் எழுத வைத்தேன். மற்றவர்கள் கரியால் எழுதுவார்கள். கருப்பையா வீட்டில் பெயிண்ட்.

குளித்துவிட்டு வருவதற்குள் அண்ணன் கிழக்குச் சுவரை ஒட்டி முடித்திருந்தார். அவருக்கு உதவி செய்யத் தெருவே வந்திருந்தது. என் தாளுக்கு இத்தனை மவுசா என்று எனக்குத் தலை கால் புரியவில்லை.

3

இனி விற்கிற கதை. ஐம்பதில் மனைவியையும் மகனையும் ஈப்போவுக்கு அழைத்துக்கொண்டேன். முருகேசு இப்போது அங்கே பள்ளிக்கூட வாத்தியார். அவன் பிள்ளைகள் என்னிடம் பாதி மலாய், பாதி இங்கிலீஷ் பேசும். தமிழில் 'தாத்தா, காசு' மட்டும் சுத்தமாக வரும். ஊர் வீட்டை என்ன செய்யலாம் என்று அவனிடம் கேட்டேன்.

"வித்துருங்கப்பா. யாரு போய் இருக்கப் போறா?" என்றான், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பிறந்த வீட்டைப் பற்றிப் பேசுகிறோம், அவன் பந்தாட்டச் செய்தி படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். நான் வாங்கித் தராத பொருள் இல்லை. என்னிடம் ஒரு முழம் தள்ளியே நிற்பான்.

வந்து இறங்கியதிலிருந்து ஆபீஸ் ஆபீஸாக அலைச்சல். நான் மலேசியப் பிரஜையாகிவிட்டேனாம். அதனால் என் வீட்டை விற்க நான் நான்தான் என்று அத்தாட்சி வேண்டுமாம்.

"நாந்தான் நிக்கிறேனே, தம்பி" என்றேன் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பையனிடம்.

"நீங்க நிக்கிறது எனக்குத் தெரியுதுங்க. பேப்பருக்குத் தெரியணுமே" என்றான். படித்த பிள்ளைகளின் திமிரைப் பாருங்கள். நான் கட்டிய வரியில் அவன் சம்பளம் வாங்குகிறான்.

கோபத்தோடு காப்பிக் கடைக்குப் போனால் அங்கே இன்னொரு கூத்து. சர்வர் இன்னும் ஊற்றவா என்று கேட்டான். போதும் என்பதற்கு மலாய்க்காரர்கள் 'சுடா' என்பார்கள். நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட பழக்கம், அதுதான் வாயில் வந்தது. அவன் கொதிக்கக் கொதிக்க இன்னொரு டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டான். நாக்கு வெந்ததுதான் மிச்சம். அங்கே போனால் இந்தியாக்காரன், இங்கே வந்தால் மலாய்க்காரன். இரண்டு ஊருக்கும் உழைத்தவனை இரண்டு ஊரும் யார் நீ என்று கேட்கின்றன.

4

தாள் உரிக்க வந்தவர் கொத்தனார் ஆரோக்கியம். நல்ல வேலைக்காரர், வாய்தான் கொஞ்சம் நீளம். வந்ததும் கரணையால் சுரண்டப் போனார். நான் தடுத்தேன். சுரண்டினால் சுண்ணாம்பும் சேர்ந்து வரும். வெந்நீரில் சாக்கை நனைத்துச் சுவரில் ஒத்திவைத்து, பசை இளகியதும் மேலிருந்து கீழே உரிக்கவேண்டும். துரை பங்களாவில் பார்த்துக் கற்றுக்கொண்டது.

நான் ஒட்டிய மூன்று சுவரும் மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டன. உண்மையைச் சொன்னால் வெந்நீரே தேவைப்படவில்லை. பாதி இடத்தில் ஏற்கெனவே கிளம்பி நின்றது. ஒரு வெடிப்பு இல்லை. மாணிக்கத்தை இப்போதே கூப்பிட்டுக் காட்டலாமா என்றிருந்தது. கிழக்குச் சுவர் மட்டும் அசையமாட்டேன் என்றது. மூன்று முறை சாக்கு மாற்றியும் நகம் நுழைய இடம் கொடுக்கவில்லை.

"இதுக்கு மட்டும் என்ன மொதலாளி பசை போட்டீங்க? தாள ஒட்டுனாப்புல இல்ல, செவத்தப் பூட்டுனாப்புல இருக்கு" என்றார் ஆரோக்கியம்.

அப்போது அண்ணன் வந்தார். எழுபது வயது, தடி ஊன்றித்தான் நடக்கிறார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதை விட்ருடா. அப்புடியே சுண்ணாம்பு அடிச்சுக்கலாம்."

"மூணு செவத்த உரிச்சுட்டு ஒண்ண விட்டா, அதுலதான் வெடிப்புன்னு சொல்ல மாட்டானாண்ணே?"

அண்ணன் மாடிப்படியில் உட்கார்ந்தார். அடைக்கம்மை அடுப்படி நிலையில் வந்து நின்றாள். நான் சாக்கை எடுத்துவிட்டு மூலையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். அரைச் சுவர் அகலத்துக்குத் தாள் ஒரே பாளமாக இறங்கியது.

கறுப்புப் பெயிண்டில் முதல் வரி அப்பா. அடுத்தது ஆத்தா, நான் மலாயாவில் இருந்தபோது சண்டைக் காலத்தில் போய்விட்டது. அதற்குக் கீழே மூன்றாவதாக ஒரு வரி. மூன்றின்மேலும் சுண்ணாம்பு அடித்து மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். பெயிண்ட் சுண்ணாம்பைத் தள்ளிவிட்டு வெளியே தெரிந்தது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். விரலை வைத்துச் சத்தமாகப் படித்தேன்.

"க, ரு, ப், பை, யா. விய வருஷம் மாசி மாசம் தேய்பிறை ஏகாதசி. மலாய் நாட்டில்."

"நம்ம பேருல இன்னொரு கருப்பையா இருந்தாரா மொதலாளி?" என்று கேட்டார் ஆரோக்கியம். என் முகத்தைப் பார்த்தார். அவருக்கே புரிந்துவிட்டது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. என் காசில் கட்டிய வீடு, என் காசில் வாங்கிய பெயிண்ட், அதில் என்னையே சாகடித்து எழுதியிருக்கிறார்கள். எனக்குக் காரியம் நடந்திருக்கிறது. கருமாதிச் சோறு சாப்பிட்ட தெரு, மறுவருடம் வந்து என் தாளைத் தடவிப் பார்த்து 'அருமை' என்றிருக்கிறது. விராலிமலையில் எனக்குத் தலைமுழுக்காட்டியது எதற்கு, மறுபடி தாலி எதற்கு, கொல்லை வழி எதற்கு என்பதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. செத்தவனைத் திரும்பப் பிறக்க வைத்து வீட்டுக்குள் விட்டிருக்கிறார்கள். நான் அதை மரியாதை என்று ஒரு நாடு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"எவன் எழுதுனது?"

"நாந்தான்டா எழுத வச்சேன்" என்றார் அண்ணன். "வெள்ளாத்துல காரியம் பண்ணுனோம். முருகேசு மொட்ட போட்டுக் கொள்ளி வச்சான். ஒம்பது வயசு."

பிறகு ஏன் அவன் என்னிடம் ஒரு முழம் தள்ளி நிற்கமாட்டான்?

"பதினேழு வருஷமா ஒருத்தருக்காச்சும் சொல்லணும்னு தோணலையா?"

"வந்த மனுசங்கிட்ட செத்த கதையச் சொன்னா ஆயுசு கொறையும்னு பூசாரி சொன்னாரு. நாந்தான் எல்லார் வாயையும் கட்டுனேன்."

நான் விடவில்லை. எனக்குப் பிடி ஒன்று கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். சுவரைத் தட்டினேன். "விய வருஷம் மாசின்னா நாப்பத்தேழு. சண்ட முடிஞ்சு ஒண்ணர வருஷம் ஆச்சு! கப்பல் ஓடுது, தபாலு வருது. சண்ட நடக்கறப்ப செத்துட்டான்னு நெனச்சா நாயம். எல்லாம் சரியானப்பறம் எவனாச்சும் உசுரோட இருக்கறவன எழுதுவானா?"

"ஆமா" என்றாள் அடைக்கம்மை.

அவள் குரலை உயர்த்தவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குள் வந்தாள்.

"சண்டையப்ப நாங்க எழுதல. நாலு வருசம் எவன் வந்து என்ன சொன்னாலும் எழுத விடல. அப்பெல்லாம் யாருக்குமே காகிதம் வல்ல. சண்ட முடிஞ்சிச்சு. மேலத் தெருவுல வந்துச்சு. நார்த்தாமலைக்காரவுகளுக்கு வந்துச்சு. சண்டையில ஒரு கை போன நாவிதர் மகன்கூட எழுதிப் போட்டிருந்தான். நான் தெனமும் தபாலாபீசு வாசல்ல நின்னேன். ஒண்ணர வருசம். தபால்காரரு என்னையப் பாத்தா வேற சந்துல போவாரு. அதுக்கப்பறந்தான் ஒங்க அண்ணன்கிட்ட நான் சொன்னேன், எழுதுங்கன்னு."

"நீயா சொன்ன?"

"நாந்தான். உசுரோட இருந்து எழுதலன்னா வேற ஒருத்தியோட இருக்கீகன்னு அர்த்தம். அத நெனச்சுக்கிட்டு இருக்கறதுக்கு, நீங்க செத்துட்டீகன்னு நெனைக்கிறது எனக்கு லேசா இருந்துச்சு."

5

வேறொருத்தி கிடையாது. அதை இங்கே சத்தியமாக எழுதுகிறேன்.

அவள் அடுத்து ஒன்றே ஒன்று கேட்டாள். பதினேழு வருடமாகக் கேட்காதது. "ஏன் எழுதல?"

ஜப்பான்காரன் காலத்திலும் கடை நடத்தினேன், சண்டை முடிந்ததும் கடையைப் பெரிசாக்கினேன் என்றுதான் ஊரில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். இந்தப் பத்திரிகையில்கூட இரண்டு முறை அப்படி எழுதியிருக்கிறேன். அன்றைக்கும் அதையே சொல்லத்தான் வாயெடுத்தேன். தபால் கெட்டுப்போயிருக்கும், கப்பல்காரன் தொலைத்திருப்பான் என்று பொய் தயாராக இருந்தது. ஆனால் இதைச் சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள், நம்பமாட்டாள், மறுபடி அடுப்படிக்குப் போய்விடுவாள், இனி எப்போதும் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. கையில் அந்தத் தாள் பாளத்தை வைத்துக்கொண்டு நின்றேன். நனைந்து கனத்தது.

உள்ளதைச் சொன்னேன். ஜப்பான்காரன் வந்த மூன்றாம் மாதமே கடை போய்விட்டது. மரவள்ளிக் கிழங்கு தோண்டி விற்றேன். சண்டை முடிந்தபோது என்னிடம் ஒரு சாக்குத் துணி இருந்தது, அதைத்தான் கட்டியிருந்தேன். அவன் அச்சடித்த நோட்டெல்லாம் ஒரே நாளில் குப்பை. அதன்பிறகு ஒன்றரை வருடம் ஈப்போவில் ஒரு சீனர் சாப்பாட்டுக் கடையில் எச்சில் தட்டுக் கழுவினேன். கடைகளுக்கு முன்னால் ஐந்தடி நடைபாதை இருக்கும், அதில் படுத்தேன். மூன்று முறை பக்கத்தில் இருந்தவனைக் கொண்டு காகிதம் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன்.

"ஏன் கிழிச்சீக?"

"மணியார்டர் இல்லாம எப்புடிடி காகிதம் போடுறது?"

எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். அக்கரைக்குப் போனவன் காகிதம் என்றால் அதோடு பணம் வரவேண்டும். பணம் இல்லாத காகிதம் போடுகிறவன் அங்கே ஒன்றுமில்லாமல் போய்விட்டான் என்று அர்த்தம். மாடி வீடு கட்டிய கருப்பையா தட்டுக் கழுவுகிறான் என்று தெருவில் படித்துக் காட்டுவார்களே! ஒரு மளிகைக்கடையில் வேலை கிடைத்து, நூறு ரூபாய் சேர்ந்ததும் காகிதமும் மணியார்டரும் சேர்த்து அனுப்பினேன். அது ஆடியில் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாசியில் நான் செத்துவிட்டேன்.

அடைக்கம்மை என் கையிலிருந்த தாளை வாங்கிக் கீழே போட்டாள். அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவும் இல்லை.

"இம்புட்டுத்தானா?" என்றாள்.

"இம்புட்டுத்தான்."

"தட்டுக் கழுவுறேன், உசுரோட இருக்கேன். ஒரு கார்டுல எழுதியிருக்கலாமே. அத வச்சுக்கிட்டு நான் இருந்திருப்பேனே. ஒங்க மணியார்டர வாங்குறப்ப நான் வெள்ளச் சீலையில கையெழுத்துப் போட்டேன். தபால்காரரு அழுதாரு."

படிக்கட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன் தடியால் தரையைத் தட்டினார். "தட்டுக் கழுவுனதுக்காடா ஒனக்குக் கருமாதி பண்ணுனேன்? எழுபது பேருக்குச் சோறு போட்டேன்டா!" என்றார். அவருக்கும் கோபம் இருக்கும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அடைக்கம்மை கிணற்றடியைப் பார்த்து, "கொத்தனாரே, கரணையக் கொண்டாங்க" என்று குரல் கொடுத்தாள். ஆரோக்கியம் ஓடிவந்து தானே செய்வதாகச் சொன்னார். அவள் கொடுக்கவில்லை. மாமனார் மாமியார் பெயரை விட்டுவிட்டு, மூன்றாவது வரியில் கரணையை வைத்துக் கொத்தினாள். பெயிண்ட் தனியாக வராது. சுண்ணாம்போடு, அடியில் உள்ள காரையோடு, செங்கல் தெரியக் கொத்தி எடுத்தாள். என் பெயரின் கடைசி எழுத்து விழும்வரை யாரையும் பக்கத்தில் விடவில்லை. பிறகு தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

மறுநாள் மாணிக்கம் வந்தார். மற்ற சுவரையெல்லாம் விட்டுவிட்டு நேராக அந்தப் பள்ளத்தில் போய் விரலை விட்டார்.

"வெடிப்பே இல்லன்னீங்களே அண்ணே? இது என்ன?"

"அது நாங்களே கொத்துனது."

"தங்கம் கிங்கம் எதுவும் இருந்துச்சா?" என்று அவர் சம்சாரம் குனிந்து பார்த்தது.

எனக்கு ஏறிய ஆத்திரத்தில் வீடும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று விரட்டியிருப்பேன். அடைக்கம்மைதான் நிதானமாக, "பூசித் தர்றோம்ங்க" என்றாள். அப்பா ஆத்தா திதியை அண்ணன் தன் வீட்டுச் சுவருக்கு மாற்றிக்கொண்டார். அந்த வாரமே பத்திரம் முடிந்தது. ஆபீஸ் பையன் நான் உயிரோடிருப்பதற்கு இன்னொரு அத்தாட்சி கேட்டான். அதற்கு மட்டும் நான் கத்தவில்லை. வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

6

பினாங்கில் கப்பலைவிட்டு இறங்கியதும் அடைக்கம்மை என்னை டாக்சிக்கு விடவில்லை. துறைமுகத்துக்கு எதிரிலேயே தபாலாபீஸ். உள்ளே போய் ஒரு கார்டு வாங்கிவந்து என் கையில் கொடுத்தாள்.

"அண்ணனுக்கு எழுதுங்க."

"ஈப்போ போயி, பேங்குல பணம் எடுத்து, மணியார்டரோட சேத்துப் போட்டுர்றேன்."

"இப்ப எழுதுங்க."

மேஜையில் கட்டியிருந்த பேனாவால், வரிசையில் ஐந்து பேர் பின்னால் நிற்க, எழுத்துக் கூட்டிக் கூட்டி எழுதினேன். 'வந்து சேர்ந்தோம். சுகம். இத்துடன் பணம் எதுவும் அனுப்பவில்லை. கருப்பையா.' இந்த நாட்டுக்கு வந்து நாற்பத்து நாலு வருடத்தில் வெறும் காகிதமாக நான் ஊருக்குப் போட்டது அது ஒன்றுதான்.

மூன்று வாரத்தில் அண்ணனிடமிருந்து பதில் வந்தது. பேரன் கையெழுத்து, அண்ணன் பேச்சு.

'தம்பிக்கு. உன் கார்டு கிடைத்தது. பணம் இல்லாமல் வந்ததால் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று வீட்டில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். பேரன் படித்துக் காட்டிய பிறகுதான் உட்கார்ந்தோம். நெஞ்சு இன்னும் படபடக்கிறது. இன்னொன்று போடு.'